நீலம் காட்டும் மேடுகள்

லேத்தின் பெட் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. சக்குக்கு முன்னால் இருக்கும் ஒன்றரை அடிதான் தேய்கிறது. புஷ், பின், காலர், ஃபிளேஞ்ச் என்று எங்கள் கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் ஓடும் உருப்படிகள் பெரும்பாலும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டாதவை. டூலைச் சுமந்து ஓடும் சேடில் அந்த ஒன்றரை அடிக்குள்ளேயே வருஷக்கணக்கில் போய் வருகிறது. வார்ப்பிரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த கறுப்புச் சேறு அதன் அடியில் புகுந்து, போகவும் வரவும் அறுத்துக்கொண்டே இருக்கிறது. டெயில் ஸ்டாக் பக்கத்துப் பெட்டோ ஃபேக்டரியை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். தேய்ந்த இடத்தின் ஆழத்தை அளந்தால் பல லேத்துகளில் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வரும். இந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்காக முக்கால் டன் நல்ல வார்ப்பிரும்பு எடைக்குப் போய், உடைபட்டு, உலைக்குள் விழுகிறது.

இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்ததே இல்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க மிஷின்களை ரீகண்டிஷன் செய்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுக்கொண்டதும் இதற்காகத்தான். மூடிப்போன ஒரு மில்லின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த நாலரை அடி லேத்து ஒன்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடை விலைக்கு வாங்கினேன். அவருக்கு என்மேல் இரக்கம்.

“ஏனுங்கண்ணா, இதக் கொண்டுபோயி என்ன பண்ணப் போறீங்க? எடைக்கு ஒடைக்கத்தானுங்க எடுத்துட்டு வந்தேன். வேற ஓடுற மிசினு இருக்குதுங்க, சொல்லட்டுங்களா?”

“இதே போதும் தம்பி. தூக்கறப்ப மட்டும் செயினு நேரா பெட்டுல படாமப் பாத்துக்குங்க. நாலு சாக்கு மடிச்சு வெச்சுருங்க.”

வாங்கும் முன் நான் பார்த்தது இரண்டே விஷயங்கள். பெட்டில் விரிசலோ வெல்டிங் ஒட்டோ இருக்கிறதா என்பது ஒன்று. பெட் ஹார்டன் செய்யப்பட்டதா என்பது இன்னொன்று. கடினப்படுத்திய பெட்டைக் கையால் ஸ்க்ரேப் செய்ய முடியாது, கிரைண்டிங்தான் வழி. மறைவான மூலையில் பழைய அரத்தின் முனையால் லேசாகக் கீறிப் பார்த்தேன். அரம் பிடித்தது. மென்மையான பழைய சாம்பல் வார்ப்பிரும்பு. எனக்கு வேண்டியது அதுதான்.

பெட்டின் மேல் பிறைபிறையாகப் பூ போட்டிருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. வாங்க வருகிறவர்கள் பலர் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். தேய்ந்த பெட்டின் மேலேயே பூ போட்டுப் புதிதுபோல் காட்டிவிட முடியும். அரைநாள் வேலை. அந்தப் பிறைகள் எண்ணெயைப் பிடித்து வைக்கும், ஆனால் தடம் நேராக இருக்கிறதென்று அவை ஒருநாளும் சொல்லாது. நேர்மையான அடையாளம் வேண்டுமென்றால் ஹெட் ஸ்டாக்கின் ஓரத்தில், சேடில் எட்டாத இடத்தில் தேடுங்கள். முதன்முதலில் இந்த மிஷினைச் செய்தவரின் ஸ்க்ரேப்பர் தடங்கள் அங்கே மிச்சமிருக்கும். என் லேத்தில் இருந்தன. குறுக்கும் மறுக்குமாக, சீரான இடைவெளியில். அவர் எந்த ஊர்க்காரரோ, எனக்குத் தெரியாது. கை சுத்தமான ஆள் என்பது மட்டும் தெரிந்தது.

தேய்மானம் உருப்படியில் எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் லேத்தில் சேடில் முன்பக்கம் ஒரு வி தடத்திலும் பின்பக்கம் ஒரு ஃபிளாட் தடத்திலும் ஓடுகிறது. இரண்டும் ஒரே அளவு தேய்ந்து சேடில் நேராக இறங்கினால் டூல் முனை கொஞ்சம் கீழே போகும். அதனால் விட்டத்தில் வரும் மாற்றம் மிகச் சிறிது. நடப்பது அதுவல்ல. வெட்டின் சுமையை வாங்கும் முன் தடம்தான் அதிகம் தேய்கிறது, சேடில் ஆபரேட்டர் பக்கம் சாய்கிறது. சாயும்போது டூல் முனை உருப்படியை விட்டு வெளியே விலகுகிறது. இரண்டு தடங்களுக்கு இடையிலுள்ள தூரமும் பெட்டிலிருந்து டூல் முனை வரையிலான உயரமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் லேத்தில், முன் தடம் 0.1 மி.மீ. கூடுதலாக இறங்கினால் டூலும் ஏறத்தாழ 0.1 மி.மீ. விலகும். விட்டத்தில் அது 0.2 மி.மீ. ஆகிவிடும். ஆபரேட்டர் ஹேண்டிலைத் திருப்பித் திருப்பிச் சரிக்கட்டுவார். முடியாதபோது எமரித் தாளை எடுப்பார். எமரித் தூள் மறுபடி பெட்டில் விழும்.

இனி ஸ்க்ரேப்பிங். கையில் பிடித்த ஒரு கட்டையான விளிம்பால் வார்ப்பிரும்பை மைக்ரான் கணக்கில் சுரண்டி எடுக்கும் வேலை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நிதானமாகத் தள்ளிய ஒரு தள்ளலில் மூன்று முதல் ஐந்து மைக்ரான் ஆழம் போகும். எங்கே சுரண்டுவது என்பதைக் கண் சொல்லாது, விரலும் சொல்லாது. நேரென்று உறுதியான வேறொரு பரப்பில் பிரஷ்யன் புளூவை மெல்லிய படலமாகத் தடவி, அதைப் பெட்டின் மேல் வைத்து லேசாக நகர்த்த வேண்டும். எடுத்துப் பார்த்தால் மேடான இடங்களில் நீலம் ஒட்டியிருக்கும். அந்த நீலத்தை மட்டும் சுரண்ட வேண்டும். துடைத்து, மறுபடி புளூ போட்டு, மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தள்ளும் திசையை மாற்ற வேண்டும். ஒரு சுற்று இடப்பக்கம் நாற்பத்தைந்து டிகிரி, அடுத்தது வலப்பக்கம். மாற்றாமல் ஒரே திசையில் போனால் ஸ்க்ரேப்பர் துள்ளும், பரப்பில் அலை எழும்பும்.

புளூவைப் படிப்பதற்கு ஒரு தேர்ச்சி வேண்டும். சாதாரண மேட்டில் நீலம் அப்பியிருக்கும். மிக உயர்ந்த மேட்டிலோ நடுவில் இரும்பு பளபளக்கும், அதைச் சுற்றி நீல வளையம் நிற்கும். அழுத்தம் அதிகமாகி நடுவிலிருந்த நீலம் பிதுங்கி ஓரத்துக்குப் போய்விட்டது என்று பொருள். புதிதாக வருகிற பையன்கள் நீலம் திட்டாக இருக்கும் இடத்தைச் சுரண்டிவிட்டுப் பளபளக்கும் புள்ளியை விட்டுவிடுவார்கள். அந்தப் புள்ளிதான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பது. வேலை முன்னேற முன்னேறப் புளூவை மெலிதாக்கிக்கொண்டே போக வேண்டும். தடிமனாகப் பூசினால் பள்ளத்திலும் ஒட்டி எல்லா இடமும் சேர்ந்துவிட்டதாகக் காட்டும். சுற்றுக்குச் சுற்று மேடுகள் சிறுத்துக்கொண்டே எண்ணிக்கையில் கூடும். லேத்துப் பெட்டுக்கு ஓர் அங்குலச் சதுரத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் சீராக வந்தால் நல்ல வேலை. துல்லிய மிஷின்களுக்கு இருபதுக்கு மேல் எடுப்பார்கள். கண்ணாடி மாதிரி முழுப் பரப்பும் ஒட்ட வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. அப்படி ஒட்டினால் நடுவில் எண்ணெய் நிற்காது, ஸ்லைடு ஒட்டிக்கொண்டு விட்டு விட்டு நகரும். புள்ளிகள் சுமையைத் தாங்க வேண்டும், இடையிலுள்ள பள்ளங்கள் எண்ணெயைத் தாங்க வேண்டும்.

என்னிடம் இரண்டு வகை ஸ்க்ரேப்பர் உண்டு. ஒன்று, நான் தொழில் பழகிய காலத்து முறைப்படி பழைய தட்டை அரத்தின் பற்களை அரைத்தெடுத்து, முனையைச் சற்றே வளைவாகத் தீட்டியது. மற்றது கார்பைடு முனை வைத்தது. முனையின் விளிம்பு கத்திபோல் கூராக இருக்காது, தொண்ணூறு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக மழுங்கலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மழுங்கல் விளிம்பு மெருகேறிப் பளிச்சென்று இருக்க வேண்டும். பற்கள் விட்டிருந்தால் ஒவ்வொரு பல்லும் பரப்பில் கோடு கிழிக்கும். பிடியை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே ஊன்றி உடம்பால் தள்ள வேண்டும். கைகள் திசை காட்ட மட்டுமே. கையால் தள்ளுகிறவர் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுவார், உடம்பால் தள்ளுகிறவர் சாயங்காலம் வரை நிற்பார். எங்கள் மேஸ்திரி புதுப் பையன்களை ஆரம்பத்தில் இரும்பிடமே விடமாட்டார். சாணைக்கல்லில் தீட்டு, எண்ணெய்க் கல்லில் இழை, என்னிடம் காட்டு. அவ்வளவுதான் வேலை. அதில் தேறியவர்கள் அத்தனை பேரும் பிறகு நன்றாகச் சுரண்டினார்கள்.

நேரென்று உறுதியான வேறொரு பரப்பு என்றேன். அது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு இந்தத் தொழில் கண்டுபிடித்த பதிலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு 1833-ல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கிய ஜோசப் விட்வொர்த், 1840-ல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் அந்தப் பதிலை விளக்கினார். ஃபிட்டர்கள் தினமும் உச்சரிக்கும் பி.எஸ்.டபிள்யூ. மரையில் கடைசி எழுத்து அவர் பெயர்தான். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால் இரண்டும் முழுக்க ஒட்டும், ஆனால் தட்டையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒன்று குழிந்தும் மற்றது அதே அளவு உப்பியும் இருந்தாலும் ஒட்டத்தான் செய்யும். மூன்றாவது தட்டு ஒன்றைச் சேர்த்ததும் பொய் நிற்காது. முதல் தட்டு குழிவு என்றால் அதற்குப் பொருந்திய இரண்டாவதும் மூன்றாவதும் உப்பலாகிவிடும். அந்த இரண்டு உப்பல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் மட்டும் நீலம் ஒட்டும், குற்றம் வெளிப்பட்டுவிடும். மூன்றும் மாறி மாறி எப்படி வைத்தாலும் ஒட்டுகின்றன என்றால் மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும். திருகல் ஒளிந்துகொள்ளாமலிருக்கத் தட்டுகளைத் திருப்பித் திருப்பியும் வைத்துப் பார்க்க வேண்டும். வேறெந்த மிஷினிடமும், வேறெந்த அளவுகோலிடமும் கடன் வாங்காத துல்லியம் இது. மூன்று இரும்புத் துண்டும் பொறுமையுள்ள ஓர் ஆளும் போதும்.

ஒரு மிஷின் தன்னிடம் இல்லாத நேரை இன்னொன்றுக்குக் கொடுப்பது கடினம். பிளேனரின் தடம் கோணலாக இருந்தால் அதில் அறுத்த பெட்டுக்கும் அந்தக் கோணல் வந்துவிடும். அந்தச் சங்கிலியைக் கை அறுக்கிறது. தன்னை வெட்டிய மிஷினைவிட நேரான பரப்பை ஸ்க்ரேப்பரால் ஒரு மனிதன் செய்துவிடுகிறான். ஜப்பானின் யாஸ்டா, ஒகுமா போன்ற நிறுவனங்கள் கம்ப்யூட்டரால் ஓடும் மிஷின்களைச் செய்தாலும் முக்கியமான பரப்புகளை இன்றும் கையால் சுரண்டிச் சேர்ப்பது இதனால்தான். பழமையின் மேலுள்ள பாசமாக இருந்தால் அவர்கள் அதற்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என் ஷெட்டில் ஆதாரம் என்று இருப்பவை இரண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள கறுப்பு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் ஒன்று. முந்நூறு கிலோவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். துருப்பிடிக்காது, அடிபட்டாலும் இரும்பைப் போல ஓரத்தில் பிசிறு தூக்காது, சிறு சில்லாகத் தெறித்துவிடும், அவ்வளவுதான். இன்னொன்று ஒரு மீட்டர் வார்ப்பிரும்பு ஸ்ட்ரெயிட் எட்ஜ். அடி தட்டை, மேல் விளிம்பு வில்லாக வளைந்தது. பேட்டர்னை நானே மரத்தில் செய்து ஒரு ஃபவுண்டரியில் ஊற்றினேன். மேல்தோலை அறுத்துவிட்டு வெயிலிலும் மழையிலும் வெளியே போட்டு வைத்திருந்தேன். வார்ப்புக்குள் இறுகிக் கிடக்கும் விசை தணியாமல் சுரண்டினால் இன்று நேராக இருப்பது சில மாதங்களில் வளைந்துவிடும். பிறகு கிரானைட்டின் மேல் மூலைக்கு மூலையாக வைத்து, புளூ பார்த்துச் சுரண்டி முடித்தேன்.

புளூ இல்லாமலே ஸ்ட்ரெயிட் எட்ஜைச் சோதிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. கிரானைட்டின் மேல் வைத்து, ஒரு முனையை விரலால் பக்கவாட்டில் தள்ளி, மறுபாதி எந்த இடத்தை மையமாக வைத்துச் சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் சுழன்றால் அடி உப்பியிருக்கிறது. முனையிலேயே சுழன்றால் குழிந்திருக்கிறது. முனையிலிருந்து மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று உள்ளடங்கிய தூரத்தில் சுழன்றால் நேர். இருபக்கமும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

இந்த வேலையின் பெரிய எதிரி சூடு. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரான் நீளும். நீளுவதால் தொல்லையில்லை, ஒரு பக்கம் மட்டும் நீளுவதுதான் தொல்லை. ஒரு மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கட்டையின் மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடானால் கட்டை நடுவில் சுமார் 14 மைக்ரான் வளையும். நான்கு சுற்று சுரண்டி எடுப்பதன் அளவு அது. வெறுங்கையால் இரண்டு நிமிஷம் தூக்கிப் பிடித்தாலே இரும்பில் அந்தச் சூடு ஏறத் தொடங்கும். அதனால் என் ஸ்ட்ரெயிட் எட்ஜுக்கு மரக் கைப்பிடி போட்டிருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் நடக்கிற காரியமில்லை இது. பெட்டின் மேல்பக்கம் கூரைச் சூட்டை வாங்கிக்கொண்டு உப்பி நிற்கும், அதைச் சுரண்டினால் விடியற்காலையில் குழிந்து கிடக்கும். ஆகவே கடைசிச் சுற்றுகளையெல்லாம் ஆடியிலிருந்து மார்கழி வரை, பொழுது விடிந்து வெயில் ஏறும் முன்பே செய்துகொண்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓடும் நாள்களில் ஷெட்டின் மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்ட வேண்டியிருந்தது. அளவுக்கூடங்கள் 20 டிகிரியில் வைக்கப்படுகின்றன. வீட்டு ஷெட்டில் அது நடக்காது. ஆனால் ஸ்ட்ரெயிட் எட்ஜும் பெட்டும் அளக்கிற டயல் கேஜும் ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் கிடந்து ஒரே சூட்டில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெட்டை முதலில் ஸ்பிரிட் லெவல் வைத்து நிறுத்தினேன். மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக் காட்டும் லெவல். நான்கு கால்களும் சமமாகத் தாங்காத பெட் தன் எடையிலேயே திருகிக்கொள்ளும். அந்தத் திருகலோடு சுரண்டினால் திருகலைத்தான் நிரந்தரமாக்குவோம். அடுத்து, எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வரைபடம் எடுத்தேன். இதற்கு டெயில் ஸ்டாக் ஓடும் உள் தடங்கள் கைகொடுத்தன. டெயில் ஸ்டாக்கை எப்போதாவதுதான் நகர்த்துகிறார்கள், அதனால் அந்தத் தடங்கள் அதிகம் தேய்வதில்லை. அவற்றின் மேல் உட்காரும் ஒரு சிறு பாலக்கட்டை செய்து, டயலைப் பூட்டி, சேடில் தடங்களின் நீளம் முழுக்க நடத்தினேன். சக்குக்குச் சற்றுத் தள்ளி முன் தடத்தில் மிக ஆழமான இடம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். தேய்ந்த இடத்தில் நமக்கு வேலையே இல்லை. அங்கே இல்லாத இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. தேயாத இடத்தையெல்லாம் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். அதாவது மிஷினின் மிக நல்ல பாகத்தை, முதல் கைவினைஞரின் தடங்கள் அழியாமல் இருந்த பாகத்தை, நான்தான் சுரண்டி எடுத்தாக வேண்டும். அதைச் செய்யும்போது மனசு கனத்தது உண்மை. பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது முப்பது சுற்றுக்குக் குறையாத வேலை. பெட் கிரைண்டிங்குக்கு அனுப்பியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். உற்பத்தி நின்று காசு போய்க்கொண்டிருக்கும் பட்டறைக்காரருக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் கிரைண்டிங் மேஜையில் பெட்டைப் பூட்டுவதில் கவனம் வேண்டும். சமமாகத் தாங்கல் கொடுக்காமல் இழுத்துப் பூட்டினால் அங்கே நேராக இருக்கும், போல்ட்டைத் தளர்த்தியதும் துள்ளி வளைந்துவிடும். பெட் தன் சொந்தக் கால்களில், வேலை செய்யப்போகும் நிலையில் நிற்கும்போதே நேராக்குவது ஸ்க்ரேப்பிங்கில் முடியும். இன்னொன்றும் உண்டு. பல பத்தாண்டுகள் ஓடிய பெட்டின் வார்ப்பு அசைய வேண்டிய அசைவெல்லாம் அசைந்து ஓய்ந்திருக்கும். இன்றைய அவசரத்தில் ஊற்றி, அறுத்து, பெயின்ட் அடித்து வரும் மலிவான பெட்டைவிட அந்தப் பழைய இரும்பை நான் அதிகம் நம்புகிறேன்.

வி தடத்தின் இரண்டு சரிவுகளையும் ஃபிளாட் தடத்தையும் ஒன்றுக்கொன்று இணையாகக் கொண்டுவருவதில்தான் நிஜமான சிரமம். ஒரு சரிவில் ஐந்து மைக்ரான் எடுத்தால் சேடில் இறங்கவும் செய்யும், பக்கவாட்டில் நகரவும் செய்யும். ஸ்ட்ரெயிட் எட்ஜ் ஒவ்வொரு தடத்தின் நேரையும் தனித்தனியாகச் சொல்லும், மூன்றும் ஒரே திசையில் போகின்றனவா என்று சொல்லாது. அதற்குப் பாலக்கட்டையும் டயலும் லெவலும் வேண்டும். சுரண்டு, புளூ பார், லெவலை நடத்து, குறித்துக்கொள், மறுபடி சுரண்டு. சில நாள்களில் ஒரு பொழுது முழுக்க அளந்துவிட்டு ஸ்க்ரேப்பரைத் தொடாமலே ஷெட்டைப் பூட்டியிருக்கிறேன். அளவு இரண்டு முறை ஒரே மாதிரி வராதவரை இரும்பைத் தொடுவதில்லை.

பெட் இறங்கினால் சேடிலும் இறங்கும். சேடிலின் அடியும் தேய்ந்திருப்பதால் இறக்கம் இன்னும் கூடுகிறது. அதோடு தொங்கும் ஏப்ரனும் இறங்கி, லீட் ஸ்க்ரூ ஓட்டையும் ஹாஃப் நட்டும் ஒரே கோட்டில் இருக்காது. ஸ்க்ரூ வளைந்து ஓடி, மரை வெட்டும்போது அலையடிக்கும். இதைத் தீர்க்கச் சேடிலின் அடியை ஷேப்பரில் இன்னும் இறக்கி, டர்சைட் பட்டையை எப்பாக்ஸி வைத்து ஒட்டினேன். வெண்கலத் தூள் கலந்த டெஃப்லான் அது. நீலப்பச்சை நிறம். ஒட்டும் முகத்தைக் கம்பெனியிலேயே ரசாயனம் வைத்துச் சொரசொரப்பாக்கித் தருகிறார்கள். பட்டையைச் சற்றுத் தடிமனாக வைத்து, ஏப்ரன் பழைய உயரத்துக்கு வரும்வரை புளூ பார்த்துச் சுரண்டினேன். வார்ப்பிரும்பைச் சுரண்டும்போது கேட்கும் கரகரப்பு இதில் இல்லை, பனங்கிழங்கைச் சீவுவது போலச் சத்தமில்லாமல் வரும். அதனால் ஏமாந்து ஆழமாகப் போய்விடாமல் நிதானமாகத் தள்ள வேண்டும்.

சேடிலை உட்கார்த்தும்போதே கிராஸ் ஸ்லைடின் டவ்டெயில், ஸ்பிண்டிலுக்குச் சரியான செங்கோணத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சரியான செங்கோணம் என்றேனே தவிர, லேத்து செய்கிறவர்கள் அதில் ஒரு சாய்வை வேண்டுமென்றே வைப்பார்கள். ஃபேசிங் செய்த முகம் கொஞ்சம் குழியலாம், உப்பக் கூடாது. பெர்லினில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஷ்லேசிங்கர் 1927-ல் மிஷின் சோதனைக்கு வகுத்துக் கொடுத்த அளவுகளில், 300 மி.மீ. விட்டத்துக்கு 0.02 மி.மீ. வரை குழிவு என்று இது இருக்கிறது. குழிந்த முகம் ஓரத்தில் திடமாக உட்காரும், உப்பிய முகம் நடுப்புள்ளியில் நின்று ஆடும். சோதிக்கும் முறை எளிது. ஒரு வார்ப்பிரும்புத் தட்டை ஃபேஸ் செய்துவிட்டு, டூல் போஸ்ட்டில் டயலை வைத்து, மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் வரை ஓட்ட வேண்டும். டூல் வெட்டிய பாதியில் முள் அசையாது, ஏனென்றால் அந்த முகத்தை வெட்டியதும் அதே ஸ்லைடுதான். மையத்தைத் தாண்டியதும் பிழை இரட்டிப்பாகி முள்ளில் வரும்.

ஹெட் ஸ்டாக்கை நான் அதிகம் தொடவில்லை, பேரிங் நன்றாக இருந்தது. அதன் அடியில் சிறிது சுரண்டித் திசையை மட்டும் சரிசெய்தேன். டெயில் ஸ்டாக் தாழ்ந்து போயிருந்தது. அதன் அடிக்கட்டைக்கும் உடலுக்கும் நடுவே பித்தளை ஷிம் வைத்து, ஸ்பிண்டில் மையத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்தினேன். தேய்ந்து இறங்க இடம் வேண்டுமல்லவா.

கடைசிச் சோதனை, இரண்டு முனையிலும் காலர் விட்டுச் சக்கில் மட்டும் பிடித்த ஒரு தடித்த ஸ்டீல் கட்டை. டெயில் ஸ்டாக் தாங்கல் இல்லை. காலர்களுக்கு இடையே 200 மி.மீ. இரண்டையும் ஒரே செட்டிங்கில் மெல்லிய வெட்டாகக் கடைந்து மைக்ரோமீட்டரில் பிடித்தேன். இரண்டு விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பத்து மைக்ரானுக்குள் அடங்கியது. வாங்கி வந்த அன்று இதே சோதனையில் வித்தியாசத்தைச் சாதாரண வெர்னியரிலேயே படிக்க முடிந்தது.

இப்போது அந்த லேத்தில் பம்புகளுக்கு ஷாஃப்ட் ஸ்லீவும் மோட்டார் பேரிங் கவரும் கடைகிறேன். அக்கம்பக்கத்துப் பட்டறைப் பையன்கள் சிலர் சாயங்காலம் வந்து ஸ்க்ரேப்பர் பிடித்துப் பழகுகிறார்கள். 1932-ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு மில்லும் மோட்டாரும் பம்புமாக எழுந்த ஊர் இது. தேய்ந்த மிஷினை நேராக்கத் தெரிந்த ஃபிட்டர்கள் அன்று தெருவுக்குத் தெரு இருந்தார்கள். இன்று லேத்து ஆடுகிறதென்றால் புதுசு வாங்கக் கடன் வாங்குகிறார்கள், அல்லது ஆடுவதோடு பழகிக்கொள்கிறார்கள். இரண்டுமே வேண்டியதில்லை. ஹார்டன் செய்யாத பெட்டும், உடையாத வார்ப்பும் இருந்தால் எடைக்குப் போடும் முன் யாரையாவது அழைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

என் ஸ்ட்ரெயிட் எட்ஜை யார் கேட்டாலும் கொடுக்கிறேன். அதன் மரப்பெட்டியோடுதான் எடுத்துப் போக வேண்டும். பெட்டிக்குள் முனைகளிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இரண்டு கட்டைகள் வைத்திருக்கிறேன், வளையாமல் தாங்கும் இடங்கள் அவை. அவற்றின் மேல்தான் வைக்க வேண்டும். பட்டறைக்குக் கொண்டுபோனதும் உடனே புளூ தடவத் தொடங்காமல் ஒரு ராத்திரி அங்கேயே கிடக்க விடுங்கள். திருப்பித் தரும்போது புளூவைத் துடைத்து எண்ணெய் பூசிக் கொடுங்கள்.